உறையில் இருந்த பெயர்

மச்சான்,

இன்று காலை கடையில் பச்சைப் பெயின்ட் டின் ஒன்றின் மூடியை நெம்பித் திறந்தேன். நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குவோம் என்று நகரசபை ஆட்கள் இரண்டு பேர் எதிரே நின்றார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை. எதற்கு இந்தப் பெயின்ட் என்று கேட்டேன். கடைக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது, அதற்கு இத்தனை காலமும் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர். அதை மாற்றிப் புதுப் பலகை எழுதப் போகிறார்களாம்.

எங்கள் முதலாளியை நீ பார்த்ததில்லை. பதுளைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக இரும்புச் சாமான் விற்கிற முஸ்லிம் குடும்பம். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் அபிப்பிராயம் கேட்பார். “வெள்ளக்காரன்ட பேர எடுக்கிறது நல்லந்தானே, நீங்க என்ன சொல்றீங்க?” என்றார். தபால் கந்தோருக்குச் சொல்லிவிட்டார்களா என்று அவர்களைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து மூன்று பேரும் சிரித்தார்கள்.

நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து தங்கச்சி எழுதியிருந்தாள், இரண்டு பக்கம், எழுத்தெல்லாம் கலங்கிப் போயிருந்தது. அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. உன் பெண்சாதிக்கு எழுதுவதற்கு முன்னால் உனக்கு எழுத வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நீ இந்த நாட்டைவிட்டுப் போக வேண்டி வந்தது தோட்டத்துக்குப் பெயர் மாற்றினதால்தான் என்று அங்கே இன்றைக்கும் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி நான்.

நம் தோட்டத்துப் பலகையில் ஆங்கிலத்தில் பால்மெரிக் என்று எழுதியிருந்தது. நம் ஆட்கள் ஒருத்தர்கூட அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது பால்மரத்துத் தோட்டம். தெமோதரைப் பக்கம் போகிற பஸ்காரன்கூட “பால்மரம் எறங்கு” என்றுதான் சத்தம் போடுவான். பால் வடிகிற மரம் ஒன்று அந்த மலையில் எங்கேயாவது உண்டா என்று யாரும் தேடிப் பார்த்ததில்லை. காடு வெட்டின காலத்தில் இருந்திருக்கும் என்று நம்பிக்கொண்டார்கள்.

நான் தோட்டத்துத் தப்பால்காரன். தினமும் காலையில் தோல்பையை மாட்டிக்கொண்டு கீழே ரோட்டோரத்துத் தபால் கந்தோருக்கு இறங்குவேன், வெயில் ஏறுவதற்குள் கடிதங்களோடு திரும்புவேன். உறைகளைப் பார்த்துப் பார்த்தே ஆங்கில எழுத்துப் படித்தவன். அதனால் ஒருநாள் பெரிய கண்டுபிடிப்புப் போல உன்னிடம் வந்து சொன்னேன், மரமும் இல்லை மண்ணும் இல்லை, அது வெள்ளைக்காரன் பிறந்த ஊரின் பெயர், நம் ஆட்களுக்கு நாக்குச் சுழலாமல் பால்மரம் ஆக்கிவிட்டார்கள் என்று. நீ அப்போது தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்காமலே பதில் சொன்னாய்.

“அவனுக்கு அது ஊரு. நமக்கு மரம். அதுக்கென்ன இப்ப?”

சொன்னதோடு விட்டாயா? மரம் இல்லாததுதானே குறை என்று எங்கிருந்தோ ஓர் அத்திக் கன்றைக் கொண்டுவந்து, நம் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குப் பக்கத்தில் நட்டாய். கிள்ளினால் பால் வரும் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாய். ஒரே வாரத்தில் அதை அடுத்த வீட்டுக் கோழிக்காரியின் ஆடு தின்றுவிட்டது. யாரோ ஏவிவிட்டுத்தான் ஆடு வந்தது என்று நான் சொன்னேன். லயம் முழுக்கச் சிரித்தது.

என் சுபாவம் அப்படி. மருந்துப் போத்தலைக் கொடுத்தால் மோந்து பார்ப்பேன். யாராவது தானாக வந்து நன்மை செய்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நீ எனக்குத் ‘தோட்டத்துச் சி.ஐ.டி.’ என்று பெயர் வைத்தாய். ஆனால் சும்மா வந்த சந்தேகமா அது? நம் அப்பாமார் இந்த மலையில் பிறந்தார்கள், நாம் பிறந்தோம், நம் பிள்ளைகளும் பிறந்தார்கள். அப்படியிருந்தும் நாம் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இவ்வளவு பேர் இங்கே, அவ்வளவு பேர் இந்தியாவுக்கு என்று நம்மைப் பங்கு பிரித்தன. அப்படிப்பட்ட காகிதங்களைப் பை நிறையச் சுமந்தவன் எந்தக் காகிதத்தை நம்புவான்?

இங்கேயே இருப்போம் என்று நீயும் நானும் ஒரே வாரத்தில்தான் பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுத்தோம். பிறந்த இடம் என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் பால்மெரிக் என்று கிளாக்கர் எழுதினார். இந்தியாவில் உனக்குத் தெரிந்த ஒரு வீடும் கிடையாது. தங்கச்சிக்குக் கடலைக் கண்டாலே பயம். மனு சரிவராவிட்டால் மூட்டை கட்ட வேண்டும் என்பது தெரிந்துதான் பதிலுக்குக் காத்திருந்தோம், வருஷக் கணக்காக.

அந்த இடைவெளியில்தான் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது. வெள்ளைக்காரத் துரை போய்ச் சிங்களத் துரை வந்தார். கொஞ்ச நாளில் ஒரு ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து காலைப் பெரட்டில் எல்லாரையும் நிறுத்தினார். வேலைக்குப் பேர் கொடுக்கிற அந்த நேரத்தில் யாரும் நம்மிடம் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். அன்றைக்கு அவர் கேட்டார். வெள்ளைக்காரன் பெயர் இனிமேல் வேண்டாம், நீங்கள் இந்தத் தோட்டத்தை என்னவென்று சொல்வீர்கள் என்றார். சங்கத் தலைவர் நீ என்பதால் எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள்.

நீ முன்னால் போய்ப் பால்மரத்துத் தோட்டம் என்றாய். அவருக்கு விளங்கவில்லை. சந்தையில் பழகின சிங்களத்தில், கிரி கஸ் என்று எடுத்துச் சொன்னாய், பால் மரம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கிரிகஸ்வத்த” என்று, தோட்டம் என்பதையும் சேர்த்து, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துப் பென்சிலால் எழுதிக்கொண்டார். வெள்ளைக்காரனின் ஊரை நம் ஆட்கள் தப்பாகக் காதில் வாங்கினார்கள், அந்தத் தப்பை நீ சிங்களத்தில் மாற்றிக் கொடுத்தாய், அது அரசாங்கத்துப் பெயராகிவிட்டது. அன்றைக்குப் பெரட்டுக் களத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த ஆள் ஏன் இவ்வளவு சுலபமாகச் சந்தோஷப்படுகிறார் என்ற யோசனைதான் வந்தது. பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதுகிறாரே என்றும் யோசித்தேன்.

நீ சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தாய். பலகைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த அன்று ஏணியை நீதான் பிடித்தாய், கையெல்லாம் பச்சையாக வீட்டுக்கு வந்தாய். மண்ணெண்ணெய் போட்டுத் துடை என்று தங்கச்சி சத்தம் போட்டாள், நீ இருக்கட்டும் என்றாய். அவன் போய்விட்டான், அவன் பெயர் மட்டும் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாய். துரைமார் நமக்குப் பெயர் வைத்த காலம் போய், நாம் தோட்டத்துக்குப் பெயர் வைக்கிற காலம் வந்துவிட்டது என்றாய். நீ சொன்னதில் நியாயம் இருந்தது, அதை நான் அப்போதே ஒத்துக்கொண்டிருக்கலாம்.

ஒத்துக்கொள்ளாததற்கு எனக்கு ஒரு சாட்சி கிடைத்திருந்தது. ஒருநாள் தொழிற்சாலை வாசலில் லொறி நின்றது. ஏற்றிய தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் பழையபடி பால்மெரிக் என்று கறுப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. டீமேக்கரைக் கேட்டேன். கொழும்பில் ஏலத்தில் அந்தப் பெயருக்குத்தான் மதிப்பு, அதை மாற்ற மாட்டார்கள் என்றார். தேயிலைக்குப் பழைய பெயர் இருக்கட்டுமாம், ஆட்களுக்குத்தான் புதுப் பெயராம். அன்று மாலையே உன்னிடம் வந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். மனுவில் பால்மெரிக், பிறப்புப் பத்திரத்தில் பால்மெரிக். நாளைக்குக் கிரிகஸ்வத்தை என்று ஒரு காகிதம் வரும், அதற்கு நாம் கையெழுத்து வைப்போம். வைத்தால், இவன் வேறு தோட்டத்து ஆள், பால்மெரிக்கில் பிறந்தவன் இவன் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். தொடர்ந்து ஒரே இடத்தில் இருந்தோம் என்பதுதானே நம் கையில் இருந்த ஒரே பிடி.

நீ சிரித்தாய். ஆனால் முன்பு சிரித்த மாதிரி இல்லை.

அது நடந்து சில மாதத்தில் உன் பெயருக்குப் பதிவுத் தபால் வந்திருப்பதாகத் துண்டு வந்தது. கையெழுத்து வைத்து எடுக்க வேண்டும் என்பதால் உன்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். வழியெல்லாம் தேயிலை புதுக் கொழுந்து விட்டிருந்தது, நீ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாய். தபால் கந்தோர் அம்மா உறையை மேசையில் வைத்து நோட்டைத் திருப்பிக் காட்டினாள். நீ பேனாவை எடுத்துவிட்டாய். நான் உறையைப் பார்த்தேன். உன் பெயர், அதற்குக் கீழே கிரிகஸ்வத்தை. உன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“வைக்காத மச்சான். பால்மெரிக்குன்னு வரட்டும், அப்ப வாங்கிக்கலாம்.”

“நான் வச்ச பேருதானே இது?”

“அதனாலதான் சொல்றேன். ஒன்ன வச்சே ஒன்ன மாட்டுறாங்க. தங்கச்சியையும் புள்ளைங்களையும் நெனச்சுப் பாரு.”

நீ என்னைப் பார்த்தாய், உறையைப் பார்த்தாய். பேனாவை மெதுவாக மேசையில் வைத்தாய். அந்த அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டு, ஏற்க மறுத்தார் என்று எழுதி உறையைத் திருப்பி அனுப்புகிற பெட்டியில் போட்டாள். ஏறும்போது நீ பாடவில்லை. நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், உன்னைக் காப்பாற்றிவிட்ட பெருமையில்.

இரண்டு மாதம் கழித்து எனக்கும் ஒரு துண்டு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டக் கந்தோர் வாசலில் நின்றபோது சின்னக் கிளாக்கர் பார்த்துவிட்டார். யாழ்ப்பாணத்து ஆள், நம்மோடு அதிகம் ஒட்டாதவர். அதனாலேயே நான் அவரையும் நம்பினதில்லை. வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “இது பிரஜாவுரிமை விசாரணைக்குக் கூப்பிடுற கடிதமாத்தான் இருக்கும். பேர் மாறினதை நான்தான் எல்லா இடத்துக்கும் எழுதி அறிவிச்சனான். உம்மட மச்சானுக்கும் இதுதானே வந்தது, ஏன் திருப்பி விட்டவர்? கெதியா ஒரு கடிதம் எழுதச் சொல்லும். இன்னொரு திகதி குடுப்பினம்.”

நான் அப்போதே ஓடி வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ அன்றைக்கு ஆறாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தாய், கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் சொல்லவில்லை. இவர் ஏன் தானாக வந்து நன்மை சொல்கிறார் என்று நினைத்தேன். முதலில் நான் போய் ஆழம் பார்க்கிறேன், பொறியாக இருந்தால் நான் மாட்டிக்கொள்கிறேன், என் தங்கச்சி குடும்பம் தப்பட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நல்ல மனசு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அதையும் சந்தேகப்படுகிறேன். உன்னிடம் வந்து, நான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

கையெழுத்து வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பதுளையில் விசாரணை. அதிகாரி பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தார், தோட்டத்துக்குப் பெயர் மாறியிருக்கிறதா என்றார், ஆமாங்க என்றேன், எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம். ஒரு பொறியும் இல்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் தேத்தண்ணீர் குடித்தேன். இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினேன்.

லய வாசலில் நீ ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாய். சாதாரணத் தபாலில் வந்தது, நான் போயிருந்த அன்று வேறு ஆள் கொண்டுவந்து கொடுத்தது. விசாரணைக்கு அழைத்த கடிதத்தை ஏற்காததாலும், வராததாலும் மனு தள்ளுபடி என்று இருந்தது. தங்கச்சி அடுப்படியில் நின்று என்னைப் பார்த்து, “என்னண்ணே இது?” என்றாள். அழவில்லை. நான் அதை வாங்கிப் படித்துக் காட்டினேன், பதுளையில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ எழுதாத இடமில்லை. சின்னக் கிளாக்கர்தான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். பாதிக்கு மேல் பதிலே வரவில்லை, வந்ததும் நமக்கு உதவவில்லை. ஒருநாள் நீ என்னிடம் சாதாரணமாகக் கேட்டாய், எனக்கும் கடிதம் வந்ததாமே, நான் எப்படி எடுத்தேன் என்று. என்னுடையது பழைய பெயரில் வந்தது, அதனால்தான் எடுத்தேன் என்றேன். நீ தலையை ஆட்டினாய். அப்படியானால் நான் சொன்னதுதான் சரி, உன்னை மாட்டத்தான் புதுப் பெயரில் அனுப்பினார்கள் என்று ஆகிவிட்டது. லயத்தில் எல்லாரும் அதையே பேசினார்கள். பெயர் மாற்றம் ஒரு சதி என்று பக்கத்துத் தோட்டங்கள் வரைக்கும் போயிற்று. ஹல்துமுல்லைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பெயர் மாற்றக் கூடாது என்று வேலையைக்கூட நிறுத்தினார்கள். நம்முடைய தோட்டத்துக் கதையைக் கேட்டுத்தான் நிறுத்தினோம் என்று அங்கிருந்து வந்த ஆள் என்னிடமே சொன்னான்.

உன் பலகையை யாரும் மரியாதையாகப் பார்க்கவில்லை. நீயே அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாய். எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. வெள்ளைக்காரன் தன் ஊரை நினைத்து ஒரு பெயர் வைத்தான், அவனை யாரும் குற்றம் சொல்லவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தரம் நம்மைக் கேட்டு வைத்த பெயர் அது, அதைக் கெட்ட பெயராக்கினவன் நான். பெயரை மாற்றலாமா கூடாதா என்று இன்றைக்கு என்னைக் கேட்கிறார்கள். மாற்றட்டும், மாற்றாமல் இருக்கட்டும். கேட்கிறவன் முடிவு பண்ணிவிட்டுத்தான் கேட்கிறான் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. இந்தப் புத்தி என்னைவிட்டுப் போகாது.

நீங்கள் போன அன்று பதுளை ஸ்டேசனில் கூட்டம் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழியனுப்ப ஒரு லயமே வந்திருந்தது. தங்கச்சி உள்ளே இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் பிடித்துத் தகரப் பெட்டியை இருக்கைக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். கோச்சி புறப்படப் போகிற நேரம், ஜன்னலில் இருந்து என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினாய். பிள்ளைகளைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன்.

“மச்சான், ஒனக்கு வந்த கடுதாசியில மேல எந்தப் பேரு போட்டிருந்துச்சு?”

“பழைய பேருதான். அன்னைக்கே சொன்னேனே.”

“அப்ப சரி,” என்றாய். கம்பி வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினாய். கோச்சி நகர்ந்தது. தங்கச்சி எட்டிப் பார்த்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய்.

உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான் உன்னை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. நீ செத்த பிறகு அதுவும் தொடங்கிவிட்டது. போவதற்கு முதல் வாரம் நீ சின்னக் கிளாக்கரிடம் விடைபெறப் போயிருந்தாய், வெகு நேரம் இருந்தாய். எனக்கு வந்த கடிதத்தைப் பற்றி அவர் சொல்லியிருப்பாரா? தெரியாமல் கேட்டாயானால் நான் உன்னைக் கடைசி நிமிஷத்திலும் ஏமாற்றி அனுப்பினேன். தெரிந்துகொண்டு கேட்டாயானால், உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாய், அதையும் நான் மூடினேன். அங்கிருந்து நீ எழுதிய கடிதம் ஒன்றிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாவற்றையும் வரிக்கு வரி எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. எது உண்மை என்று இனி யாரைக் கேட்பேன்?

அந்த உறையை நான் கிழித்துப் போடவில்லை. என் பிரஜாவுரிமைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன், இதை எழுத உட்காருவதற்கு முன்னால்கூட எடுத்துப் பார்த்தேன். டைப் அடித்த எழுத்தில் என் பெயர். அதற்குக் கீழே கிரிகஸ்வத்தை என்றுதான் இருக்கிறது மச்சான். நீ வைத்த பெயர். அதற்குத்தான் நான் கையெழுத்து வைத்தேன்.